அப்பாச்சி மாட்யூல் தப்பான ஸ்டேட்டஸ் அனுப்புகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அப்பாச்சி 2.4 வெப் சர்வருக்கு சி மொழியில் மாட்யூல் (சர்வரோடு சேர்ந்து ஓடும் கூடுதல் நிரல்) எழுதுபவர்களும், யாரோ எழுதி வைத்துவிட்டுப் போன மாட்யூலைப் பராமரிப்பவர்களும் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் ஸ்டேட்டஸ் பற்றிய ஒரே மாதிரியான சந்தேகங்கள்தான். ஸ்டேட்டஸ் என்பது ஒவ்வொரு பதிலோடும் சர்வர் அனுப்பும் மூன்று இலக்க எண்: 200 என்றால் வெற்றி, 404 என்றால் கேட்டது இல்லை, 5-ல் தொடங்கினால் சர்வர் பக்கத் தவறு. அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால்.

பக்கம்தான் ஒழுங்கா தெரியுதே, ஸ்டேட்டஸ் 200-னு போனா என்ன கெட்டுப்போகும்?

பக்கத்தைப் பார்ப்பது மனிதர்கள். எண்ணைப் பார்ப்பது மற்ற எல்லாம்: நடுவில் இருக்கும் கேஷ் (பதிலைச் சேமித்து வைத்துத் திரும்பத் தருவது), லோடு பேலன்சர் (வேலையைப் பல சர்வர்களுக்குப் பிரித்து அனுப்புவது), தேடுபொறியின் பாட், மொபைல் ஆப். "மன்னிக்கவும், பிழை" என்று எழுதிய பக்கம் 200 என்ற எண்ணோடு போனால் லோடு பேலன்சர் அந்த சர்வர் நலமாக இருப்பதாக நினைத்து மேலும் ஆட்களை அங்கேயே அனுப்பும். இல்லாத பக்கத்துக்கு 200 கொடுப்பதை கூகுள் 'சாஃப்ட் 404' என்று தனியாகவே குறித்து வைக்கிறது.

ஒரு பிழை எண்ணுக்குப் பதில் இன்னொன்றை அனுப்பினாலும் சிக்கல்தான். 404, 410 (நிரந்தரமாக நீக்கப்பட்டது) இரண்டையும் கேஷ் தன் கணிப்பில் சேமித்து வைத்துக்கொள்ள, வெப்பின் எச்.டி.டி.பி. நெறிமுறையை வரையறுக்கும் ஆர்.எஃப்.சி. 9110 ஆவணம் அனுமதிக்கிறது. 500 (சர்வரில் உள்பிழை), 503 (தற்காலிகமாகச் சேவை இல்லை) போன்றவற்றுக்கு அந்த அனுமதி கிடையாது. டேட்டாபேஸ் ஒரு நிமிடம் தடுமாறியதற்கு மாட்யூல் 503 அனுப்பாமல் 404 அனுப்பினால், டேட்டாபேஸ் எழுந்து உட்கார்ந்த பிறகும் அந்தப் பக்கம் சிலருக்கு 'இல்லை' என்றே வரும்.

ரெக்வெஸ்ட்ல ஸ்டேட்டஸ் ஃபீல்டை 404-னு மாத்தினேன், 404 போகுது. ஆனா நாங்க வெச்சிருக்கிற எரர் பக்கம் வரலையே?

இந்தத் தொகுப்பில் மற்ற பதில்கள் பலவும் இதன்மேல்தான் நிற்கின்றன, அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். ஹேண்ட்லர் (ரெக்வெஸ்டுக்குப் பதில் தயாரிக்கும் ஃபங்ஷன்) ஸ்டேட்டஸைச் சொல்ல இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஸ்டேட்டஸ் ஃபீல்டில் எண்ணை வைத்துவிட்டு, உள்ளடக்கத்தையும் எழுதி, 'ஓகே' என்று ரிட்டர்ன் செய்வது. இன்னொன்று, எதையும் எழுதாமல் 404 என்ற எண்ணையே ரிட்டர்ன் மதிப்பாகத் தருவது.

முதல் வழியில் "பதிலை நானே எழுதிவிட்டேன், இந்த எண்ணோடு அனுப்பு" என்கிறீர்கள். இரண்டாவதில் "நான் எதுவும் எழுதவில்லை, பிழைப் பக்கத்தை நீயே பார்த்துக்கொள்" என்கிறீர்கள். எந்தப் பிழை எண்ணுக்கு எந்தப் பக்கம் என்று கான்ஃபிக்கில் சொல்லும் எரர்டாக்குமென்ட் அமைப்பு வேலை செய்வது இரண்டாவதில் மட்டும். மற்ற நிரல்களுக்கு ஜேசான் வடிவத்தில் தரவு அனுப்பும் ஏபிஐ என்றால் முதல் வழிதான் சரி, ஏனென்றால் பிழை விவரத்தையும் நீங்களே ஜேசானில் எழுத வேண்டும். மனிதர்கள் பார்க்கும் பக்கம் என்றால் இரண்டாவது.

கெடுவது இரண்டையும் கலக்கும்போதுதான். பதிலை யார் எழுதுகிறார்கள் என்பதை முதலில் முடிவு செய்துவிடுங்கள், அப்புறம் கோடிங்கைத் தொடுங்கள்.

எல்லாம் நல்லபடியா முடிஞ்சா 200 ரிட்டர்ன் பண்றேன். பக்கத்துக்குக் கீழே "இன்டர்னல் எரர்"னு ஏதோ ஒட்டிக்கிட்டு வருது சார்!

'ஓகே' என்பதன் மதிப்பு 0. 'எச்டிடிபி_ஓகே' என்பதன் மதிப்பு 200. பெயர் ஒன்றுபோல இருப்பதால் பலரும் இங்கே விழுகிறார்கள். நீங்கள் 200 ரிட்டர்ன் செய்ததும், மேலே சொன்ன இரண்டாவது வழியில் வந்திருப்பதாக அப்பாச்சி எடுத்துக்கொண்டு பிழைப் பக்கம் தயாரிக்கப் போகிறது. 200-க்கென்று பிழை வாசகம் எதுவும் இல்லாததால், பொதுவான 'சர்வரில் உள்பிழை அல்லது தவறான அமைப்பு' என்ற வாசகத்தை எடுத்து ஒட்டுகிறது. தலைப்பில் '200 ஓகே', கீழே உள்பிழை என்று ஒரு விநோதமான பக்கம் வந்தால் வேறெங்கும் தேட வேண்டாம், ஹேண்ட்லரின் கடைசி வரியைப் பாருங்கள்.

சரி, டிக்ளைன்ட், டன் எல்லாம் எப்போ?

'டிக்ளைன்ட்' என்றால் "இது என் வேலை இல்லை, அடுத்த ஹேண்ட்லரைக் கேள்." ஹேண்ட்லர் பெயர் உங்களுடையது இல்லை என்றால் முதல் வரியிலேயே இதைத் தந்துவிட வேண்டும். 'டன்' என்றால் "பதில் முழுதாக முடிந்துவிட்டது, இதற்குமேல் எதையும் தொடாதே." சாதாரண மாட்யூலுக்கு 'டன்' அவ்வளவாகத் தேவைப்படாது.

எங்க மாட்யூல் போஸ்ட் மட்டும்தான் ஏத்துக்கும். கெட் வந்தா 405 வரணும், ஆனா 404 வருது. 404-னு நான் எங்கேயும் எழுதவே இல்லையே?

(கெட், போஸ்ட் இரண்டும் ரெக்வெஸ்டின் மெத்தட்கள்: கெட் கேட்டுப் பெறுவதற்கு, போஸ்ட் தரவு அனுப்புவதற்கு. 405 என்றால் அந்த மெத்தட் இங்கே செல்லாது.) நீங்கள் எழுதியிருக்க மாட்டீர்கள். "போஸ்ட் இல்லையென்றால் டிக்ளைன்ட்" என்று எழுதியிருப்பீர்கள். முந்தைய பதிலில் சொன்னபடி வேலை அடுத்த ஹேண்ட்லருக்குப் போகிறது. கடைசியில் நிற்பது அப்பாச்சியின் இயல்பான கோப்பு ஹேண்ட்லர். அது அந்தப் பாதையில் ஒரு கோப்பைத் தேடி, கிடைக்காமல் 404 தருகிறது. லாக் அளவை 'இன்ஃபோ'வுக்கு ஏற்றினால் 'ஃபைல் டஸ் நாட் எக்சிஸ்ட்' என்று உங்கள் மாட்யூலுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கோப்புப் பாதையோடு வரி வரும். அதுதான் சாட்சி.

பாதை உங்களுடையது, மெத்தட்தான் தவறு என்றால் டிக்ளைன்ட் தராதீர்கள், 405-ஐயே ரிட்டர்ன் செய்யுங்கள். அதோடு ரெக்வெஸ்டில் உள்ள 'அலவ்ட்' ஃபீல்டில் போஸ்டுக்கான பிட்டை ஏற்றிவிடுங்கள். 405 பதிலில் 'அலவ்' ஹெடர் (எந்த மெத்தட் செல்லும் என்று உள்ளடக்கத்துக்கு முன்னால் சொல்லும் வரி) கட்டாயம் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த ஃபீல்டைப் பார்த்துத்தான் அப்பாச்சி ஹெடரைக் கட்டுகிறது.

பாதி எழுதிட்டேன், நடுவுல டேட்டாபேஸ் விழுந்திடுச்சு. இப்போ 500-னு மாத்த முடியுமா?

ஹெடர் வெளியே போய்விட்டது என்றால் முடியாது. ஸ்டேட்டஸ் வரிதான் பதிலின் முதல் வரி. தபால் பெட்டியில் போட்ட கடிதத்தின் உறையில் முகவரியைத் திருத்த முடியாத மாதிரிதான்.

இதில் ஒரு பொறி உண்டு. நீங்கள் 'ஏபி_ஆர்புட்ஸ்' என்ற ஃபங்ஷன் வழியாக எழுதுவது உடனே கம்பிக்குப் போவதில்லை, முதலில் ஒரு பஃபரில் (தற்காலிக நினைவிடத்தில்) தங்குகிறது. எழுதியது கொஞ்சமாக இருக்கும்போது 500 ரிட்டர்ன் செய்தால் பஃபரில் இருந்தது கைவிடப்பட்டு ஒழுங்கான பிழைப் பக்கம் போய்விடக்கூடும். பஃபர் நிரம்பும் அளவுக்கு எழுதியிருந்தாலோ, நடுவில் ஃப்ளஷ் செய்திருந்தாலோ (பஃபரில் இருப்பதை உடனே அனுப்பச் சொல்லியிருந்தாலோ), 200 ஏற்கெனவே போயிருக்கும், அதன் வாலில் பிழைப் பக்கம் ஒட்டிக்கொள்ளும். "என் மெஷின்ல சரியா வருது, லைவ்ல மட்டும் தப்பா வருது" என்ற புலம்பலுக்குப் பல நேரம் காரணம் இதுதான்: சோதனையில் பத்து வரிசைத் தரவு, லைவில் பத்தாயிரம்.

செய்ய வேண்டியது இரண்டு. முதலில், தோற்கக்கூடிய வேலைகளை (இணைப்பு, அனுமதிச் சோதனை, வினவலின் முதல் வரிசையைப் பெறுவது) எழுதத் தொடங்குவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். இரண்டாவதாக, அப்படியும் நடுவில் விழுந்தால் பதில் முழுமையடைந்ததாகக் காட்டிக்கொள்ளாதீர்கள். 502 எண்ணுடன் ஒரு எரர் பக்கெட்டை (பிழைக் குறியைச் சுமக்கும் துண்டை) வெளியீட்டு வரிசையில் போட்டு, இணைப்பை மூடும்படி குறியுங்கள். பதிலை சங்க் என்ற துண்டுகளாக்கி அனுப்பும் சங்க் ஃபில்டர் (தரவு கடந்துபோகும் ஒரு படி) அதைப் பார்த்தால் முடிவைக் குறிக்கும் கடைசி சங்க்கை அனுப்பாது. எதிர்ப்பக்கத்தில் கர்ல் (கட்டளை வரியிலிருந்து ரெக்வெஸ்ட் அனுப்பும் கருவி) இருந்தால் 18 என்ற பிழை எண்ணோடு வெளியேறும். 200-தான் போயிருந்தாலும் பதில் அறுந்தது என்பது அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

லாக்ல "இன்வேலிட் ரெஸ்பான்ஸ் ஸ்டேட்டஸ் 70014"னு இருக்கு. அப்படி ஒரு ஸ்டேட்டஸே கிடையாதே?

அது எச்.டி.டி.பி. எண் இல்லை, அப்பாச்சி பயன்படுத்தும் ஏபிஆர் என்ற சி நூலகத்தின் எண். 70014 என்றால் தரவு முடிந்துவிட்டது, 70007 என்றால் நேரம் கடந்துவிட்டது. ஏதோ ஒரு ஏபிஆர் ஃபங்ஷன் தந்த மதிப்பை ஹேண்ட்லர் அப்படியே மேலே ரிட்டர்ன் செய்கிறது. அப்பாச்சி அதை ஏற்க மறுத்து 500 ஆக்கிவிடுகிறது. இரண்டு உலகத்திலும் 0 என்றால் வெற்றி என்பதால், எல்லாம் நன்றாக நடக்கும்வரை இந்தப் பிழை வெளியே தெரிவதே இல்லை.

லினக்ஸின் பிழை எண்கள் இன்னும் மோசம். 104 என்றால் எதிர்முனை இணைப்பை வெட்டிவிட்டது, 111 என்றால் இணைப்பு மறுக்கப்பட்டது. இவை 100-க்கு மேல் இருப்பதால் தகவல் வகை ஸ்டேட்டஸ் போலவே தோற்றமளிக்கும், ஆகவே அந்த எச்சரிக்கை வரி லாக்கில் வரும் என்றும் நம்பியிருக்க முடியாது. மாட்யூலில் 'ஆர்வி' என்ற மாறியை ரிட்டர்ன் செய்யும் எல்லா இடங்களையும் ஒருமுறை தேடிப் பாருங்கள். அது 'ஏபிஆர்_ஸ்டேட்டஸ்_டி' வகை என்றால் நேராக ரிட்டர்ன் ஆகவே கூடாது.

ரெக்வெஸ்ட் பாடியைப் படிக்கும்போது பிரச்சினை வந்தா 400 குடுத்தா போதாதா?

போதாது. பாடி (ரெக்வெஸ்டோடு வரும் தரவு) பெரிதாகிவிட்டால் 413, அனுப்புபவர் பாதியில் தூங்கிவிட்டால் 408, சங்க் வடிவம் குலைந்திருந்தால் 400. எல்லாவற்றுக்கும் 400 தந்தால், கோப்பு பெரிதாக இருப்பதுதான் காரணம் என்று தெரியாமல் ஆப் எழுதுபவர் ஜேசானைத் திருத்திக்கொண்டே உட்கார்ந்திருப்பார்.

இதற்கென்றே 'ஏபி_மேப்_எச்டிடிபி_ரெக்வெஸ்ட்_எரர்' என்ற ஃபங்ஷன் 2.4-ல் இருக்கிறது. படிக்கும்போது வந்த ஏபிஆர் மதிப்பையும், எதுவும் பொருந்தாவிட்டால் தர வேண்டிய எண்ணையும் கொடுங்கள். சரியான எச்.டி.டி.பி. எண்ணை அது தரும், அதை ரிட்டர்ன் செய்யலாம். இன்னொரு வசதி: கீழே இருக்கும் ஒரு ஃபில்டர் ஏற்கெனவே பதில் அனுப்பிவிட்டது என்றால் 'ஏபி_ஃபில்டர்_எரர்' என்ற மதிப்பு வரும். அதை இந்த ஃபங்ஷன் மாற்றாமல் விடுகிறது. நீங்களும் அதை 500 ஆக்காமல் விட்டுவிடுங்கள், இல்லையென்றால் இரண்டு பிழைப் பக்கம் போகும்.

பின்னாடி இருக்கிற சர்வீஸ் சரியில்லைன்னா 500, 502, 503, 504-ல எது?

இணைக்க முடியவில்லை அல்லது வந்த பதில் புரியவில்லை என்றால் 502. காத்திருந்தும் பதில் வரவில்லை என்றால் 504. வேலைப்பளு அல்லது பராமரிப்பு, கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும் என்று தெரிந்தால் 503, முடிந்தால் 'ரீட்ரை-ஆஃப்டர்' ஹெடரோடு. தவறு உங்கள் மாட்யூலிலேயே என்றால் 500. இரவு இரண்டு மணிக்கு எழுப்பப்படுகிறவருக்கு எந்தப் பெட்டியில் நுழைந்து பார்ப்பது என்பதை இந்த எண்தான் சொல்லும்.

304 வரவே மாட்டேங்குது. ஈடேக் எல்லாம் போட்டிருக்கேன்.

304 என்றால் "மாறவில்லை, உன்னிடம் இருப்பதையே பயன்படுத்து"; ஈடேக் என்பது உள்ளடக்கத்தின் பதிப்பு அடையாளம். அதை எப்போது போட்டீர்கள் என்பதுதான் கேள்வி. முதலில் ஈடேக், லாஸ்ட்-மாடிஃபைட் ஹெடர்களை வையுங்கள். அப்புறம் 'ஏபி_மீட்ஸ்_கண்டிஷன்ஸ்' ஃபங்ஷனைக் கூப்பிடுங்கள். அது 0 தராவிட்டால் தந்த எண்ணை (304, அல்லது நிபந்தனை பொருந்தவில்லை என்னும் 412) அப்படியே ரிட்டர்ன் செய்யுங்கள். அதற்குப் பிறகுதான் எழுதத் தொடங்க வேண்டும். ஸ்டேட்டஸ் ஃபீல்டில் ஏற்கெனவே 2xx அல்லாத எண் இருந்தால் அந்த ஃபங்ஷன் எதையும் சோதிக்காமல் 'ஓகே' தந்துவிடும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

401 குடுத்தா பிரவுசர் பாஸ்வேர்ட் பெட்டியைக் காட்டவே இல்லை. ஹெடர் போட்டிருக்கேனே?

ஹெடருக்கு அப்பாச்சியில் இரண்டு பட்டியல்கள் உண்டு: 'ஹெடர்ஸ்_அவுட்', 'எர்_ஹெடர்ஸ்_அவுட்'. நீங்கள் 401 ரிட்டர்ன் செய்து அப்பாச்சி பிழைப் பக்கம் எழுதும்போது முதல் பட்டியல் ஓரங்கட்டப்படுகிறது, இரண்டாவது மட்டும் போகிறது. பாஸ்வேர்ட் கேட்கச் சொல்லும் 'டபிள்யூடபிள்யூடபிள்யூ-ஆதென்டிகேட்' ஹெடரை முதல் பட்டியலில் வைத்திருப்பீர்கள், அதனால் காணாமல் போயிருக்கும். ரீடைரக்டுக்கான 'லொகேஷன்' மட்டும் விதிவிலக்கு, அதை அப்பாச்சியே முதல் பட்டியலிலிருந்து எடுத்துக்கொள்கிறது.

மாட்யூலே எழுதாமல் கான்ஃபிக் மட்டும் வைத்திருப்பவர்களையும் இது படுத்தும். 'ஹெடர்' கட்டளை இயல்பாக முதல் பட்டியலைத்தான் தொடும், 'ஆல்வேஸ்' என்று சேர்த்தால்தான் பிழைப் பதிலிலும் வரும். இன்னொரு வெப் சர்வரான என்ஜின்எக்ஸின் 'ஆட்_ஹெடர்' கட்டளையும் 200, 301, 304 போன்ற சில எண்களுக்கு மட்டும்தான் ஹெடரைச் சேர்க்கும், அங்கேயும் மற்றவற்றுக்கு 'ஆல்வேஸ்' வேண்டும். ஃபிரன்ட்எண்ட் ஆட்கள் "கார்ஸ் எரர் வருது" என்று வந்து நிற்பதில் கணிசமானவை உண்மையில் 500 தான். பிழைப் பதிலில் கார்ஸ் ஹெடர் (வேறு தளத்தின் ஸ்கிரிப்ட் பதிலைப் படிக்க அனுமதிப்பது) இல்லாததால் பிரவுசர் நிஜமான எண்ணை ஸ்கிரிப்டிடம் காட்டாமல் கார்ஸ் என்று மட்டும் புகார் சொல்கிறது.

மாட்யூல் 404 தான் ரிட்டர்ன் பண்ணுது, சத்தியமா. வெளியே பார்த்தா 302 வருது.

எரர்டாக்குமென்ட் வரியைப் பாருங்கள். அங்கே 'எச்டிடிபிஎஸ்' என்று தொடங்கும் முழு முகவரி இருந்தால், அது அதே சர்வராகவே இருந்தாலும், அப்பாச்சி பிரவுசரை அங்கே போகச் சொல்லி ரீடைரக்ட் (அதுதான் 302) அனுப்பும். 404 அங்கேயே தொலைந்துவிடும். சாய்கோட்டில் தொடங்கும் உள்ளூர்ப் பாதையாக மாற்றுங்கள். அந்தப் பாதையில் இருப்பது சிஜிஐ ஸ்கிரிப்ட் (சர்வர் ஓட்டும் தனி நிரல்) என்றால், அது தன் வெளியீட்டில் 'ஸ்டேட்டஸ்' ஹெடரையும் சேர்த்து அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் மூல எண் கிளையன்ட் வரை போய்ச் சேரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

ஆக்செஸ் லாக்ல ஒரு எண், கிளையன்ட் கிட்ட வேற எண். எதை நம்பறது?

லாக் வடிவத்தில் '%எஸ்' என்று இருந்தால் அது உள்ளேயே திருப்பிவிடப்படுவதற்கு முந்தைய, மூல ரெக்வெஸ்டின் ஸ்டேட்டஸ். '%>எஸ்' என்றால் கடைசியாக முடிந்தது. வெளியே போனதைத் தெரிந்துகொள்ள இரண்டாவதுதான் வேண்டும்.

இரண்டும் பொருந்தியும் கிளையன்ட் வேறு எண் சொன்னால், முன்னால் ஒரு பிராக்ஸி (கிளையன்டுக்கும் உங்கள் சர்வருக்கும் இடையில் நிற்கும் சர்வர்) நிற்கிறதா என்று பாருங்கள். 'பிராக்ஸி எரர் ஓவர்ரைடு' போட்டிருந்தால் பின்னாலிருந்து வரும் பிழைப் பதிலின் உள்ளடக்கத்தைத் தள்ளிவிட்டு முன் சர்வர் தன் எரர்டாக்குமென்டைப் போடும். அது முழு முகவரியாக இருந்தால், முந்தைய கேள்வியின் 302 கதைதான். என்ஜின்எக்ஸ் முன்னால் இருந்தால் அதன் லாக்கில் 499 தென்படலாம். பதில் வருவதற்குள் கிளையன்ட் இணைப்பை மூடிவிட்டது என்பதற்கு அது போட்டுக்கொள்ளும் குறிப்பு அது, யாருக்கும் அனுப்பப்படும் எண் அல்ல.

"404 பொருள் இருப்பில் இல்லை"ன்னு எங்க சொந்த வாசகத்தை ஸ்டேட்டஸ் வரியில போடலாமா?

'ஸ்டேட்டஸ்_லைன்' ஃபீல்டில் போடலாம், ஆனால் அதன் முதல் மூன்று இலக்கமும் ஸ்டேட்டஸ் ஃபீல்டில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். பொருந்தாவிட்டால் அப்பாச்சி உங்கள் வரியைத் தூக்கிப் போட்டுவிட்டு எண்ணுக்கான வழக்கமான வாசகத்தை அனுப்பும். வரியை மட்டும் மாற்றி எண்ணை மறந்தவர்களுக்கு 200 போவது இதனால்தான். எப்படியானாலும் எச்.டி.டி.பி. 2-ல் இந்த வாசகத்துக்கு இடமே கிடையாது. விவரத்தை உள்ளடக்கத்தில் எழுதுங்கள்.

திருத்தின பிறகு எப்படிச் சோதிக்கிறது?

கர்லில் சின்ன 'ஐ' போட்டு ஹெடரையும் உள்ளடக்கத்தையும் சேர்த்துப் பாருங்கள். பெரிய 'ஐ' போட்டால் கெட்டுக்குப் பதில் ஹெட் மெத்தட் போகும், உங்கள் மாட்யூல் ஹெட்டுக்கு வேறு பாதையில் நடந்தால் ஏமாந்துபோவீர்கள். ஸ்கிரிப்டில் வைப்பதானால், 404 வந்தாலும் கர்ல் 0 என்றுதான் வெளியேறும் என்பதை மறக்காதீர்கள். 'எஃப்' விருப்பம் கொடுத்தால்தான் 22 என்று தோற்கும்.

சோதனைப் பட்டியலில் கட்டாயம் இருக்க வேண்டியவை: தவறான மெத்தட், பஃபரைத் தாண்டும் பெரிய பதில், பாதியில் வெட்டப்பட்ட அப்லோடு, நிறுத்தி வைக்கப்பட்ட பின் சர்வீஸ். 204 (வெற்றி, ஆனால் உள்ளடக்கம் இல்லை) தரும் இடம் இருந்தால் அதில் உள்ளடக்கம் எதுவும் எழுதப்படவில்லை என்பதையும் பாருங்கள்.

இத்தனை வருஷமா எல்லாத்துக்கும் 200 தான் போச்சு. அதை நம்பி ஆப் எழுதிட்டாங்க. இப்போ சரி பண்ணா ஆப் உடையாதா?

உடையும். 200 வந்தால் ஜேசானைப் பிரித்து 'எரர்' என்ற இடத்தைப் பார்ப்பது, வேறு எண் வந்தால் 'இணையம் இல்லை' என்று காட்டுவது என்று எழுதப்பட்ட ஆப்கள் ஏராளம். 'கடவுச்சொல் தவறு' என்று காட்ட வேண்டிய இடத்தில் நாளை முதல் 'இணையம் இல்லை' என்று காட்டும். பயனர் ரவுட்டரை அணைத்து அணைத்துப் போடுவார்.

ஆகவே ஒரே நாளில் மாற்ற வேண்டாம் என்பது என் கருத்து. மாட்யூலில் கான்ஃபிக் கட்டளை ஒன்றைச் சேர்த்து, பழைய நடத்தை, புதிய நடத்தை இரண்டையும் பாதைவாரியாகத் தேர்ந்தெடுக்கும்படி வையுங்கள். பழைய ஏபிஐ பாதை பழையபடியே இருக்கட்டும், புதிய பதிப்புப் பாதையில் சரியான எண்கள். பழைய பாதையில், அனுப்ப வேண்டியிருந்த சரியான எண்ணை ரெக்வெஸ்டின் 'நோட்ஸ்' அட்டவணையில் எழுதி ஆக்செஸ் லாக்கில் ஒரு பத்தியாக வரவழைத்தால், யாருக்கு எது மாறும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

5xx வகையை மாற்றும்போது மட்டும் முன்னால் இருக்கும் பிராக்ஸியின் அமைப்பையும் பார்த்துவிடுங்கள். 503 வந்தால் வேறு சர்வரில் மறுமுயற்சி செய் என்று அங்கே எழுதியிருந்தால், இதுவரை ஒருமுறை ஓடிய ரெக்வெஸ்ட் இனி இரண்டு முறை ஓடக்கூடும். என்ஜின்எக்ஸ் 1.9.13 முதல், பின் சர்வருக்கு ஏற்கெனவே அனுப்பிவிட்ட போஸ்டை இயல்பாக மறுமுயற்சி செய்யாது, ஆனால் 'நான்_ஐடம்பொட்டன்ட்' (திரும்ப ஓடினால் விளைவு மாறக்கூடியதையும் மறுமுயற்சி செய்) என்று யாராவது சேர்த்திருந்தால் செய்யும். பணம் செலுத்தும் பாதை அந்த பிராக்ஸி வழியாகத்தான் போகிறது என்றால், அந்த வரியை எடுத்துவிட்டுத்தான் மாட்யூலை ஏற்ற வேண்டும்.